ஒரு சைக்கிளை ஒழுங்கா காப்பி அடிச்சுப் பாருங்க!

தேர்ட் இயர் தம்பி, தங்கச்சிகளே! இன்னும் ஒரு மாசத்துல உங்ககிட்ட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் கேட்பாங்க. இப்பவே வாட்ஸ்அப் குரூப்ல "ஸ்மார்ட்", "ஏஐ பேஸ்டு", "ஐஓடி எனேபிள்டு"ன்னு தலைப்புகள் பறந்துக்கிட்டு இருக்கும். அந்த நேரம் பார்த்து, யாரும் கேட்காத ஒரு யோசனையைச் சொல்ல வந்திருக்கேன். புதுசா எதையும் கண்டுபிடிக்காதீங்க. யாரோ நல்லா செஞ்சு வச்ச ஒரு பழைய பொருளை எடுத்து, உங்க கையால, அப்படியே திரும்பச் செஞ்சு பாருங்க.

சிரிக்காதீங்க. எங்க ஜீரோத் ரிவ்யூ பேனல்லயும் சிரிச்சாங்க. நாங்க மூணு பேர் கொடுத்த தலைப்பு: "1970-களின் இத்தாலிய ரேசிங் சைக்கிள் ஃபிரேம் – கையால் ஒரு பிரதி." ஒரு சார், "இதுல நாவல்டி எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. இன்னொரு மேடம், "காப்பி அடிக்கிறதுக்கு மார்க் கேக்குறீங்களா?"ன்னாங்க. எங்ககிட்ட பதில் இல்ல. அடுத்த வாரம் வேற தலைப்பு கொடுத்தோம். அதுல "ஸ்மார்ட்" இருந்தது. உடனே ஓகே ஆயிடுச்சு.

ஃபிரேமை மட்டும் விட மனசு வரல. ஒர்க்‌ஷாப் சார்கிட்ட கெஞ்சி அனுமதி வாங்கி, சாயங்காலம் நாலரைக்கு மேல, எட்டு மாசம் உட்கார்ந்து செஞ்சோம். அன்னிக்குப் பேனல் முன்னாடி சொல்லத் தெரியாத பதிலைத்தான் இப்ப எழுதுறேன்.

முதல்ல ஒரு வாக்குமூலம். செகண்ட் இயர் மினி ப்ராஜெக்ட்டை நான் காசு கொடுத்து வாங்கினேன். போர்டு, சென்சார், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே கவர்ல வந்துச்சு. வைவாவுல ஒரே ஒரு கேள்வி: "இந்த ரெசிஸ்டர் ஏன் இங்க இருக்கு?" முழிச்சேன். "சர்க்யூட்ல அப்படித்தான் சார் இருக்கு"ன்னேன். மார்க் வந்துடுச்சு. ஆனா அந்தக் கேள்வி இன்னும் கூடவே வருது.

ஈயடிச்சான் காப்பின்னு சொல்வோமே, நான் பண்ணது அதுதான். பழைய ஏட்டைப் பார்த்து எழுதின ஒருத்தன், அந்தப் பக்கத்துல ஒரு ஈ நசுங்கிக் கிடக்கிறதைப் பார்த்து, தானும் ஒரு ஈயைத் தேடிப் பிடிச்சு அடிச்சு, அதே இடத்துல ஒட்டி வச்சானாம். கதையைக் கேட்டுட்டு எல்லாரும் அவன் காப்பி அடிச்சதுக்காகச் சிரிக்கிறோம். எனக்கு இப்ப அவன் மேல வேற குறை. அவனுக்கு எது எழுத்து, எது ஈன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியல. நம்ம நாலு வருஷப் படிப்புல கத்துக்க வேண்டிய முக்கியமான விஷயமே அந்தப் பிரிப்புதான்னு நினைக்கிறேன். அதைக் கத்துக்க, ஒரு நல்ல பொருளை முறையா காப்பி அடிக்கிறது மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது.

அளவெடுக்கிறதே ஒரு செமஸ்டர்

ஏன் சைக்கிள் ஃபிரேம்? ஏன் அந்தக் காலத்து ஸ்டீல் ஃபிரேம்? காரணம் இருக்கு. கார்பன் ஃபைபர் வருவதற்கு முன்னால், பெரிய ரேஸ்கள் பெரும்பாலும் சின்னச் சின்னப் பட்டறைகளில், கையால் செய்த ஸ்டீல் ஃபிரேம்களில்தான் ஓடின. மிலான் நகரத்தில் ஃபாலியேரோ மாசி என்ற ஃபிரேம் பில்டரின் பட்டறை, விகோரெல்லி சைக்கிள் மைதானத்தின் கேலரிக்குக் கீழேயே இருந்தது. தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கிற மாதிரி ரேஸர்கள் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அங்கே இருந்த கருவிகளைப் பாருங்க: அரம், ரம்பம், நெருப்பு, ஒரு சமதள மேடை. இதெல்லாம் நம்ம ஒர்க்‌ஷாப்புலயும் இருக்கு. ஃபார்முலா ஒன் காரைப் பிரதி எடுக்க நம்மால முடியாது. இது முடியும்.

ஃபிரேமோட அமைப்பு ரொம்ப எளிமை. எட்டு முக்கியக் குழாய்கள், முன்னாடி ஒரு ஃபோர்க். குழாய்கள் சேர்ற இடத்துல "லக்"னு ஒரு உறை. உங்க தாத்தா ஓட்டின சைக்கிள் வீட்டுல கிடந்தா, முன்னாடி பார் போய் முட்டுற இடத்தைப் பாருங்க. குழாய்க்கு மேல சட்டைக் கை மாதிரி ஒரு துண்டு ஏறியிருக்கும். அதுதான் லக். ரேஸ் சைக்கிள்லயும் அதே மூட்டுதான். என்ன, அங்க குழாய் மெல்லிசு, வேலை நுணுக்கம்.

சொந்தம்னு பார்த்தா இன்னும் கொஞ்சம் நெருக்கம் உண்டு. பர்மிங்காமில் 1935-இல் ரெனால்ட்ஸ் கம்பெனி கொண்டுவந்த "531" என்ற மாங்கனீஸ்–மாலிப்டினம் ஸ்டீல் குழாய், பல பத்தாண்டுகள் ரேஸ் உலகை ஆண்டது. அந்த ரெனால்ட்ஸ், 1928-இலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தோடு சேர்ந்துவிட்டது. அதே குழுமத்தோடு கைகோத்துதான் முருகப்பா குடும்பம் 1949-இல் சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. "டிஐ" என்ற ரெண்டு எழுத்தே அங்கேயிருந்து வந்ததுதான்.

எங்களுக்கு ஒரிஜினலா கிடைச்சது, பழைய சைக்கிள் சேர்க்கிற ஒரு அண்ணன் வீட்டுச் சுவர்ல மாட்டியிருந்த இத்தாலிய ரோடு ஃபிரேம். மிலானின் கொலம்பஸ் கம்பெனி குழாய், "எஸ்எல்" வகை. "ரெண்டு வாரம் தர்றேன், கீறல் விழக் கூடாது"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. வெர்னியர், ஆங்கிள் கேஜ், ஸ்டீல் ரூல் எடுத்துட்டு உட்கார்ந்தோம். ஒரு நாள் வேலைன்னு நினைச்சோம். ரெண்டு வாரமும் பத்தல.

ஏன்னா, ஒவ்வொரு அளவுக்கும் பின்னாடி ஒரு "ஏன்" உட்கார்ந்திருக்கு. குழாயையே எடுத்துக்கோங்க. வெளியில பார்த்தா நேரான குழாய். ஆனா உள்ள சுவரோட கனம் ஒரே மாதிரி இல்ல. எஸ்எல் குழாயில் ரெண்டு முனையிலும் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. இதுக்குப் பேர் பட்டிங். ரெனால்ட்ஸ் 1897-லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாங்க. தேங்காய் தட்டிப் பார்க்கிற மாதிரி நகத்தால குழாயைத் தட்டிக்கிட்டே போனா, கனம் மாறுற இடத்துல சத்தம் மாறும். ஏன் முனையில மட்டும் கனம்? நெருப்பு படுறதும் அங்க, வளைக்கிற விசை அதிகமா வர்றதும் அங்க. தேர்ட் செமஸ்டர்ல ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல பெண்டிங் மொமென்ட் டயகிராம் வரைஞ்சு வரைஞ்சு கை வலிச்சதே, அந்தப் படம்தான் இந்தக் குழாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கு. பரீட்சையில 14 மார்க் வாங்கின எனக்கு, அது ஏதோ ஒரு பொருளோட படம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அடுத்து பி.பி. செட். பெடல் கிராங்க் சுத்துற அச்சு உட்கார்ற கூடு. நம்ம ஊர் சைக்கிள் கடையில வேலை பார்க்கிற பையனைக் கேளுங்க, "செயின் பக்கம் கப்புக்கு இடது மரை"ன்னு தூக்கத்துல கூடச் சொல்வான். அது ஆங்கிலேயே முறை. நாங்க எடுத்த இத்தாலிய ஃபிரேம்ல ரெண்டு பக்கமும் வலது மரை. பேரிங் குண்டுகள் உருள உருள, வலது பக்கக் கப்பைக் கொஞ்சம் கொஞ்சமா எதிர்த் திசையில திருப்பப் பார்க்கும். வலது மரையா இருந்தா அது மெதுவா கழண்டு வரும். இத்தாலிக்காரங்க அதை நல்லா முறுக்கி வச்சுச் சமாளிச்சாங்க. ஆங்கிலேயே முறையில மரையையே திருப்பிப் போட்டாங்க. ஒரே பிரச்சினை, ரெண்டு பதில். எங்களுக்குக் கிடைச்சது 68 மி.மீ. ஆங்கிலேயே கூடுதான். ஒரிஜினல் 70 மி.மீ. இங்க நாங்க ஒரிஜினலை விட்டு விலகினோம், ஆனா ஏன் விலகுறோம்னு தெரிஞ்சு விலகினோம்.

முதல் ஈ

இப்ப அந்த ஈ கதைக்கு வருவோம். ஹெட் டியூப், அதாவது ஃபோர்க் உட்கார்ற குழாய், தரையோட எத்தனை டிகிரி சாயணும்ங்கிறது ஃபிரேமோட உயிர் மாதிரி. நாங்க அளந்தப்ப 74 டிகிரி வந்துச்சு. மூணு தடவை அளந்தோம், மாறல. முழு அளவு டிராயிங் ஷீட்ல 74-ன்னு மை போட்டு வரைஞ்சாச்சு.

ஃபிரேமை ஒரு பழைய சைக்கிள் கடைக்காரர்கிட்ட காட்டப் போனோம். வயசு அறுபதுக்கு மேல. கண்ணாடியைக் கூடப் போடல. கீழ்க் குழாயோட அடியில, லக்குக்குக் கொஞ்சம் பின்னாடி, ஆள்காட்டி விரலை வச்சு ஒரு இழு இழுத்தார். "தம்பி, இது எங்கயோ போய் முட்டின வண்டி"ன்னார். நாங்களும் தடவிப் பார்த்தோம். பெயின்ட்டுக்கு அடியில ஒரு சின்னப் புடைப்பு. ரெண்டு வாரமா வெர்னியரோட உட்கார்ந்திருந்த மூணு இன்ஜினியருக்கும் அது தெரியல. முன்னாடி மோதினதுல முன்பக்கம் பின்னால தள்ளி, ஹெட் டியூப் நிமிர்ந்திருக்கு. செஞ்சப்ப அது 73 டிகிரியா இருந்திருக்கணும்.

ஒரு டிகிரிதானே? கணக்கு போட்டுப் பாருங்க. சக்கரத்தோட ஆரம் 340 மி.மீ., ஃபோர்க்கோட ரேக் 45 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. 73 டிகிரிக்கு டிரெயில் சுமார் 57 மி.மீ. வரும். 74-க்குச் சுமார் 51 மி.மீ. டிரெயில்ங்கிறது ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடுற புள்ளிக்கும், டயர் தரையைத் தொடுற புள்ளிக்கும் உள்ள தூரம். அது குறைஞ்சா ஹேண்டில் பார் லேசாகி, வண்டி சொன்ன பேச்சு கேட்காம அங்கயும் இங்கயும் திரும்பும். யாரோ ஒருத்தர் எங்கயோ மோதின விபத்தை, நாங்க டிசைன்னு நினைச்சு டிராயிங்ல ஏத்தியிருக்கோம். ஈயைப் பிடிச்சு அடிச்சு ஒட்டினது நாங்கதான்.

அதுக்கு நேரெதிரான தப்பையும் பண்ணினோம். ஹெட் டியூப்புக்கு உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தா, மத்த குழாய்கள் வந்து சேர்ற இடத்துல சின்னச் சின்ன ஓட்டை. வெளியில இருந்து பார்த்தா தெரியவே தெரியாது. "ஏதோ டிரில் தவறிப் போட்டிருக்கான்"னு முடிவு பண்ணி, டிராயிங்ல விட்டுட்டோம். அது ஈ இல்ல, எழுத்துன்னு நெருப்பைக் கையில எடுத்தப்பதான் தெரிஞ்சுது.

நெருப்பு பொய் சொல்லாது

லக்கையும் குழாயையும் ஒட்டுறது வெல்டிங் இல்ல, பிரேசிங். வெல்டிங்ல குழாயே உருகும். பிரேசிங்ல குழாய் உருகாது. நடுவுல விடுற பித்தளையோ வெள்ளிக் கலவையோதான் உருகி, லக்குக்கும் குழாய்க்கும் இடையில இருக்கிற மெல்லிய இடைவெளிக்குள்ள தானா ஏறும். விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி. பித்தளைக்குச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வேணும். வெள்ளிக் கலவைக்கு 650-ஐ ஒட்டி இருந்தா போதும். மெல்லிய குழாய்க்குச் சூடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

நம்ம லேப் மேனுவல்ல பிரேசிங்குக்கு அரைப் பக்கம்தான். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ற ஒரு அண்ணன். செம்புக் குழாய்ல தினமும் பத்து மூட்டு பிரேசிங் போடுறவர். இன்னொருத்தர், எங்க ஊர் நகை ஆசாரி. பொடியும் வெண்காரமும் வச்சு ஊதி ஒட்டுற வேலை அவருக்குத் தலைமுறை வேலை. வெண்காரம்தான் போராக்ஸ், நாங்க டப்பாவுல வாங்கின ஃப்ளக்ஸ் செய்யிறதும் அதே வேலைதான். சுத்தமா இல்லாத இரும்புல வெள்ளி ஒட்டாது. சூடாகும்போது துரு ஏறாம அதைப் பார்த்துக்கிறது ஃப்ளக்ஸ். ஆசாரி ஒரே ஒரு விதி சொன்னார்: "உருகினது சூட்டைத் தேடி ஓடும். நீ கம்பியைத் துரத்தாத, சூட்டை நகர்த்து." எங்க ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்ல.

(இதைப் படிச்சிட்டு வீட்டு மொட்டை மாடியில ஆரம்பிச்சுடாதீங்க. காட்மியம் கலக்காத கம்பியா பார்த்து வாங்கணும், காத்தோட்டம் வேணும், கண்ணாடி வேணும், பக்கத்துல தெரிஞ்சவங்க ஒருத்தர் வேணும்.)

காயலாங்கடையில எடைக்கு வாங்கின பழைய ரோடு சைக்கிள் ஃபிரேம்களை அறுத்து முதல் ஆறு மூட்டு போட்டோம். அரத்தால தேய்ச்சு, உப்புத்தாள் போட்டதும் ஆறும் பளபளன்னு இருந்துச்சு. லக் ஓரத்துல வெள்ளிக் கோடு முடி மாதிரி அழகா ஓடுது. இன்ஸ்டாகிராம்ல ஸ்டோரி போட்டோம், எழுபது லைக். அப்புறம் ஒர்க்‌ஷாப் சார் ஹேக்சாவை எடுத்து நீட்டினார். "நீளவாக்குல அறுங்க."

அறுத்தோம். ஆறுல நாலு மூட்டுல வெள்ளி பாதி தூரம்தான் போயிருந்தது. உள்ள காலி. ஒண்ணுல நடுவுல குமிழ் குமிழா ஓட்டை. அப்பதான் டார்ச் வெளிச்சத்துல பார்த்த அந்தச் சின்ன ஓட்டைகள் ஞாபகம் வந்துச்சு. குழாய் ரெண்டு பக்கமும் அடைபட்டிருந்தா, உள்ள இருக்கிற காத்து சூடாகி விரிஞ்சு, உருகின வெள்ளியைத் தள்ளிக்கிட்டு வெளியில வரும். அந்தக் காத்து போறதுக்கான வழிதான் அந்த ஓட்டை. மிலான்காரர் டிரில்லைத் தவற விடல.

அன்னிக்கு ராத்திரி யாரும் அதிகமா பேசல. எனக்கு என் மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்தான் ஞாபகம் வந்துச்சு. கோல்டன் எழுத்து, ஸ்பைரல் பைண்டிங், உள்ள காலி.

இந்த அறுத்துப் பார்க்கிற சோதனை எங்க சாரோட கண்டுபிடிப்பு இல்ல. 1970-களின் நடுவில் ரெனால்ட்ஸ் "753" என்ற வெப்பப் பதம் செய்த குழாயைக் கொண்டுவந்தபோது, காசு கொடுத்தால் மட்டும் அதை வாங்கிவிட முடியாது. ஃபிரேம் பில்டர் ஒரு மாதிரி மூட்டை பிரேசிங் செய்து கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதைச் சோதித்துப் பார்த்து, தேறினால்தான் குழாய் தருவார்கள். எத்தனை வருஷ அனுபவம், எந்த ஊர் பெரிய ஆள் என்பதெல்லாம் ரெண்டாம் பட்சம். நம்ம வைவாவும் இப்படி இருந்தா எத்தனை பேர் தேறுவோம்னு யோசிச்சுப் பாருங்க. நான் தேறியிருக்க மாட்டேன்.

"நாவல்டி எங்க?"

இப்ப அந்தப் பேனல் கேள்விக்கு வர்றேன். பிரதி எடுக்கிறதுல புது அறிவு எதுவும் வராதுன்னு நினைக்கிறாங்க. அதுக்கு என் பதில், மான்செஸ்டர்ல நடந்த ஒரு சம்பவம்.

ஒரு மணி நேரத்துல ஒருத்தர் தனியா எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்ட முடியும்ங்கிற சாதனைக்கு "அவர் ரெக்கார்ட்"னு பேர். 1972 அக்டோபர் 25 அன்று மெக்ஸிகோ சிட்டியில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 49.431 கி.மீ. ஓட்டினார். எர்னெஸ்டோ கொல்நாகோ அவருக்காகச் செய்த ஸ்டீல் சைக்கிள் அது, எடை 5.75 கிலோதான். எடை குறைக்கச் செயின்லகூட ஓட்டை போட்டிருந்தாங்க. அந்த சைக்கிள் இன்னும் இருக்கு. பிரஸ்ஸல்ஸ் மெட்ரோவில் மெர்க்ஸ் பேரிலேயே இருக்கிற ஸ்டேஷனில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் டெக்னாலஜி வந்தது. தட்டுச் சக்கரம், கார்பன் ஃபைபர், விதவிதமான உட்காரும் முறை. 1996-இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன், சூப்பர்மேன் பறக்கிற மாதிரி கையை முன்னால் நீட்டி, மான்செஸ்டரில் 56.375 கி.மீ. ஓட்டினார். அப்போ மெர்க்ஸை விட போர்ட்மேன் ஏழு கிலோமீட்டர் பெரிய ஆளா? யாருக்கும் தெரியல. மனுஷன் எவ்வளவு, மெஷின் எவ்வளவுன்னு பிரிக்க முடியல.

2000-இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐ, இந்தச் சாதனையை மெர்க்ஸ் காலத்து மாதிரி சைக்கிளில்தான் முயல வேண்டும் என்றது. உருண்டைக் குழாய் ஃபிரேம், ஸ்போக் வீல், வளைந்த ஹேண்டில் பார். அதே போர்ட்மேன், அதே மான்செஸ்டர் மைதானம், 2000 அக்டோபர் 27. ஓட்டிய தூரம் 49.441 கி.மீ. மெர்க்ஸை விட வெறும் 10 மீட்டர் அதிகம்!

இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க: 56.375, 49.441. ஒரே ஆள், ஒரே மைதானம், நாலு வருஷ இடைவெளி. வயசு கூடினதுக்குக் கொஞ்சம் கழிச்சுக்கோங்க. மீதி வித்தியாசத்துல பெரும்பகுதி சைக்கிளும் உட்கார்ந்த விதமும்தான். மெர்க்ஸுக்கு மெக்ஸிகோவோட மெல்லிய காத்து உதவி பண்ணிச்சு, அதனால அவரோட ஒப்பீடு கச்சிதமானது இல்ல. ஆனாலும் 28 வருஷ முன்னேற்றத்துல மெஷினோட பங்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுக்க, பழையதைத் திரும்பச் செய்யறதைத் தவிர வேற வழி இருக்கலையே! நம்ம லேப்ல கன்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட்னு சொல்றோமே, அதுதான் இது. பழசைச் சரியா திரும்பச் செய்யத் தெரியாதவங்களால, புதுசு எவ்வளவு புதுசுன்னு அளக்கவே முடியாது.

நியாயமா, எனக்கு எதிரான சாட்சியையும் சொல்லணும். 1993 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி, தானே செய்த ஒரு விசித்திர சைக்கிளோடு நார்வேயின் ஹாமர் நகரத்துக்குப் போனார். வாஷிங் மெஷின் பேரிங்கைக் கழற்றிப் போட்டு அவர் செய்த சைக்கிள் அது. முதல் நாள், அதே வடிவத்தில் செய்த ஒரு பிரதியில் ஓட்டினார், தோற்றுப்போனார். அடுத்த நாள் தன் கையால் செய்த ஒரிஜினலை எடுத்து 51.596 கி.மீ. ஓட்டி, அன்றைய உலக சாதனையை உடைத்தார். டிராயிங்ல இருக்கிறதைச் செஞ்சுட்டா எல்லாம் வந்துடாதுன்னு இதுல ஒரு பாடம் இருக்கு. அதை நான் மறுக்கல. ஆனா ஒண்ணு கவனிங்க: அந்த ஒரிஜினலைச் செஞ்ச ஓப்ரி, லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து யோசிச்சவர் இல்ல. அரமும் நெருப்பும் கைக்குப் பழகினவர்.

இன்னும் மூணு கேள்வி

"இதெல்லாம் பழைய டெக்னாலஜி, வேலைக்கு உதவுமா?" கம்பெனி இன்டர்வியூவுல லக் பிரேசிங் பத்தி யாரும் கேட்க மாட்டாங்க, உண்மைதான். ஆனா டாலரன்ஸ், ஃபிட், டிஸ்டார்ஷன், இன்ஸ்பெக்‌ஷன்னு கேட்பாங்க. எங்க ஃபிரேம் பிரேசிங் முடிஞ்சு ஆறினதும், பின் முனையில இருந்து நூலைக் கட்டி, ஹெட் டியூப்பைச் சுத்தி மறு முனைக்கு இழுத்துப் பார்த்தோம். சீட் டியூப்புக்கும் நூலுக்கும் இடையில ஒரு பக்கம் 4 மி.மீ. அதிகம். சூடு இழுத்த இழுப்பு. கடைக்காரர் வீல் கோட்டம் எடுக்கிற மாதிரி, ஃபிரேமுக்கும் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். ஸ்டீலா இருந்ததால வளைஞ்சு கொடுத்துச்சு. "டிஸ்டார்ஷன்"னா என்னன்னு இனிமே என்னை யாரு கேட்டாலும், நான் அந்த 4 மி.மீ.யிலதான் ஆரம்பிப்பேன்.

"செலவு?" மூணு பேரும் சேர்ந்து போட்டது, ஒரு நல்ல செகண்ட்ஹேண்ட் போன் விலை. ப்ராஜெக்ட் சென்டர்ல கொடுக்கிற காசோட ஒப்பிட்டா ரொம்ப அதிகமில்ல. சைக்கிள்தான் வேணும்னு இல்ல. ஒரு பழைய கைத் தையல் மெஷின், ஒரு வால்வு ரேடியோ, ஒரு பூட்டு, ஏன், உங்க ஊர் கமலைக் கப்பிகூடப் போதும். நல்லா செஞ்சதா இருக்கணும், அவ்வளவுதான்.

"பிரதின்னா அது போலிதானே?" இது நல்ல கேள்வி. எங்களுக்குள்ளயே இதுல சண்டை வந்துச்சு. ஒருத்தன் ஒரிஜினல் கம்பெனி ஸ்டிக்கரை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டான். "ஒட்டினா செம கெத்தா இருக்கும்டா." ரெண்டு நாள் பேச்சுவார்த்தைக்கு அப்புறம் ஒட்டலைன்னு முடிவாச்சு. வேலையைக் காப்பி அடிக்கலாம், பேரைக் காப்பி அடிக்கக் கூடாது. ஸ்டிக்கர் ஏறுற நிமிஷத்துல பிரதி போலியாயிடும். பி.பி. கூட்டுக்கு அடியில எங்க மூணு ரோல் நம்பரையும் பஞ்ச் அடிச்சோம். பிரேசிங்ல தப்பு இருந்தா யாரைப் பிடிக்கணும்னு தெரியணுமில்ல?

துறைக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட் லிஸ்ட்ல "டிசைன்", "அனாலிசிஸ்", "ஃபேப்ரிகேஷன்"னு இருக்கிற வரிசையில "பிரதி"ன்னு ஒரு வகையைச் சேர்த்துப் பாருங்க. சுலபமா விட்டுட வேண்டாம். ஒரிஜினலை நேர்ல அளக்கணும். முழு அளவு டிராயிங் வேணும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்துல "ஏன்"னு ஒரு வரி எழுதணும். குறைஞ்சது ரெண்டு மூட்டை அறுத்துக் காட்டணும். இந்த நாலையும் வைவாவுல கேளுங்க. கவர்ல வாங்கிட்டு வந்தவங்க முதல் கேள்வியிலயே மாட்டிக்குவாங்க. காப்பியை ஒழிக்க, காப்பி அடிக்கச் சொல்றதுதான் வழின்னு சொன்னா விசித்திரமா இருக்கும். ஆனா நான் ரெண்டு விதமும் பண்ணிப் பார்த்தவன்.

எங்க "ஸ்மார்ட்" ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மார்க் வந்துச்சு. அதைப் பத்தி இப்ப கேட்டா, தலைப்பைத் தவிர எனக்கு எதுவும் ஞாபகமில்ல. மார்க் இல்லாத ஃபிரேம், ஒர்க்‌ஷாப்ல கதவுக்குப் பின்னாடி, டார்க் ப்ளூ பெயின்ட்ல, ஆணியில தொங்குது. காலேஜ் கிரவுண்ட்ல நாற்பது ரவுண்டு ஓட்டிப் பார்த்தோம். நேரா போகுது.

டைட்டில் கொடுக்கிறதுக்கு முன்னாடி யாராவது அதை அளவெடுக்க வந்தீங்கன்னா, தாராளமா எடுத்துக்கோங்க, சார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஒரு எச்சரிக்கை மட்டும். அதுல ஒரு ஈ இருக்கு. எங்களுக்குத் தெரிஞ்ச ஈ. எங்கன்னு சொல்ல மாட்டேன். வெர்னியரை மட்டும் நம்பாதீங்க, விரலையும் வச்சுத் தடவிப் பாருங்க.